பின்னால் ஊன்றிய கை

கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ். முன்சீட்டில் அக்காவும் தங்கையும். வெஸ்ட் இண்டீஸ் தீவொன்றில் நர்ஸாக இருக்கும் அக்கா, லீவு முடிந்து திரும்புகிறாள். தங்கையின் மடியில் ஒரு குழந்தை உறங்கியது.

"எங்க ஆஸ்பத்திரி டாக்டரு மண்ணுல விழுந்து பேரெடுத்தவரு, ஏட்டி."

"மண்ணுலயா?"

"நாட்டுக்காக நீளம் தாண்டுத போட்டியில எறங்கினவரு. பொறவுதான் டாக்டருக்குப் படிச்சாரு."

"ஆட்டத்த விட்டதுல வெசனமில்லியா?"

"நானும் கேட்டேன். எவ்வளவு தூரம் தாண்டினாலும், விழும்போ பின்னால கைய ஊணினா, கை பட்ட எடம் வரைக்கும்தான் அளப்பாவளாம். அதுனால பின்னால சாயவே மாட்டேன்னு சிரிச்சாரு."

"அப்பம் நீ மட்டும் ஏன் லீவு கெடச்சா ஓடி வாற?"

அக்கா குழந்தையின் பாதத்தைத் தொட்டாள்.

"அவருக்குப் பின்னால மண்ணு. எனக்குப் பின்னால எனக்க பிள்ளையல்லா கெடக்கு."