கப்பலிலிருந்து வந்த வீடியோக்கள்

வீடியோ எடிட்டிங் வகுப்பில் எல்லாரையும்விட வயதில் மூத்தவள் நான்தான். மற்ற ஆறு பேரும் இருபதைத் தாண்டாதவர்கள். எனக்கு நாற்பத்தெட்டு. போட்டோ ஸ்டுடியோ மாடியில், வரிசையாக எட்டுச் சனிக்கிழமை காலை. வாத்தியார் கல்யாண வீடியோ எடுப்பவர். முதல் நாளே என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, மௌஸ் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பையன்கள் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் தம்பி மகள் சிட்டுவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. அதை நான் போனில் எடுத்திருந்தேன். ஒரே ஆட்டமும் அடுத்தவர் தலையுமாக இருந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் வகுப்பில் சேர்ந்தேன். திட்டம் போட்டுச் செய்தாள் என்று உங்கள் குழந்தைகள் நல விசாரணைக் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், மேடம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரிதான்.

ஆரம்பப் பாடங்கள் சுலபம். திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை ஓடும், அதற்கு டைம்லைன் என்று பெயர். எடுத்த வீடியோவை அதில் போட வேண்டும். வேண்டாத இடத்தின் தொடக்கத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு வெட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பதினேழு வருஷம் துணி ஆலையில் தரம் பார்க்கும் மேசையில் நின்றவள் நான். சட்டையைப் புரட்டிப் பிசிறு எங்கே என்று பார்த்து நறுக்குவதுதான் வேலை. வாத்தியார் மூன்றாம் வாரமே சொல்லிவிட்டார், "ஆன்ட்டிக்குக் கை நல்லா வருது" என்று. என்னை யாரும் அப்படிப் பாராட்டி ரொம்பக் காலமாகியிருந்தது.

தம்பி மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவள் நர்ஸ். என்னை அண்ணி என்று வாய் நிறையத்தான் கூப்பிடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள், பொங்கி வழிந்ததும் சிரிப்பாள், நான் துடைப்பேன். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் வேலைக்குப் போய்விட்டாள். பகலில் பிள்ளையைப் பார்க்க நான் ஆலையில் மாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். சிட்டு முதலில் எட்டு வைத்தது என்னைப் பார்த்து. முதல் காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது நான். பெற்றவள் வந்து, "அடடே, என் செல்லம் தூங்கிட்டாளா" என்று கொஞ்சுவாள். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அது.

போன வருஷம் அவளுக்குப் பயணிகள் கப்பலில் நர்ஸ் வேலை கிடைத்தது. பத்து மாத ஒப்பந்தம். என் தம்பி லாரி ஓட்டுபவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். பிள்ளையை யார் பார்ப்பது என்று அவன் கேட்டதற்கு, அவள் முகத்தைக்கூடத் திருப்பாமல், "அண்ணி இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க" என்றாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரு பீரோ இருக்கிறது, அதில் வைத்துக்கொள்ளலாம் என்கிற தொனி. அந்த வாரமே ஆலை வேலையை விட்டேன். விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. இன்னும் போகவில்லை.

கடலில் சிக்னல் கிடையாது, கரைக்கு வந்தாலும் அங்கே பகல் இங்கே நடுராத்திரி. கப்பல் கரைக்குப் பக்கத்தில் வரும்போது அவள் பேசிப் பதிவு செய்து வைத்த வீடியோக்கள் நாலைந்தாக என் போனுக்கு வரும். நான் அவற்றைத் தம்பியின் பழைய லேப்டாப்பில் ஏற்றிச் சிட்டுவுக்குக் காட்டுவேன். பதிலுக்குச் சிட்டுவைப் பேசவைத்து எடுத்து அனுப்புவேன். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒரே வழி நான்தான். அவர்களாகப் பார்த்து என்னை அங்கே உட்கார வைத்தார்கள்.

முதலில் இருமலைத்தான் வெட்டினேன். நம்புங்கள். பிறகு அவள் பேச்சை மறந்து கூரையைப் பார்க்கும் இடங்கள், பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். ஆறு நிமிஷம் இருந்தது மூன்று நிமிஷமாகி அழகாக வந்தது. சிட்டு ஆசையாகப் பார்த்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

நாலாம் மாதம் ஒரு வீடியோ வந்தது. சின்ன அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "சிட்டு, அம்மாவுக்குத் துறைமுக ஆஸ்பத்திரியில வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்கடா. வீடும் தர்றாங்க. நான் வந்ததும் நாம மூணு பேரும் அங்க போயிடலாம்." மூன்று விரலைக் காட்டினாள். நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். அம்மா, அப்பா, சிட்டு. ஆறு வருஷம் என் மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் செய்தியை, பிள்ளைக்குக் காட்டச் சொல்லி என் போனுக்கே அனுப்பியிருந்தாள். எனக்கென்று ஒரு வரி இல்லை. நாலாவது விரலை மடக்கியே வைத்திருந்தாள்.

அந்த விரல்களை வெட்டினேன். அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு, "அம்மா சீக்கிரம் வந்துடுவேன்" என்று வரும் இடங்களும் எனக்கு உறுத்த ஆரம்பித்தன. அவற்றையும் எடுத்தேன். "உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்பதை எடுத்தேன். கடைசியில் முத்தம் கொடுப்பாள், அதையும் எடுத்தேன். மீதி இருந்தது வானிலையும் சாப்பாட்டு நேரமும். சிட்டு, "அம்மா ஏன் சும்மா சும்மா கடலைப் பத்தியே பேசுறா?" என்று கேட்டாள். "எனக்கென்னம்மா தெரியும், உங்க அம்மாதானே பேசுறாங்க" என்றேன்.

வெட்டினால் படம் குதிக்கும். முகம் இங்கே இருந்து அங்கே துள்ளும். அதை மறைக்க அந்த இடத்தின் மேல் வேறொரு படத்தை வைக்க வேண்டும், குரல் மட்டும் அடியில் ஓட வேண்டும். ஏழாவது வகுப்பில் வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மேடையிலேயே சம்பந்தியைத் திட்டிவிட்டாராம். வாத்தியார் அங்கே பூமாலையைக் காட்டி, மனிதரை வாழ்த்துச் சொல்ல வைத்துவிட்டாராம். "பார்க்கிறவனுக்கு வெட்டுன இடம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் வித்தை" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரை இதில் இழுக்காதீர்கள். அவர் மாலையைப் பற்றித்தான் பேசினார்.

நான் மாலைக்குப் பதில் கடலை வைத்தேன். அவள் அனுப்பிய வீடியோக்களிலேயே கப்பலின் வட்ட ஜன்னலும் அலையும் நிறைய இருந்தன. ஒருமுறை அவள் போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு விளையாட்டுக் காட்டினாள். "நான் உன் அம்மா இல்ல. நான் கடல் பூதம். ஹா." பிறகு போர்வையை விலக்கிச் சிரித்தாள். இன்னொரு வீடியோவில், தலை பின்ன அடம் பிடிக்காதே என்று சொல்லும்போது, "இனிமே உனக்கு எல்லாமே அத்தைதான்" என்றாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பூதத்தை வெட்டி எறிந்தேன். போர்வை தெரியாமல் அலையை வைத்தேன். கடைசியில் அவள் முகம், சிரிக்காமல் இருந்த ஒரு நொடி. மொத்தம் பதினோரு நொடி. அதைச் செய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது.

சிட்டு அதை மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை போடச் சொல்லிக் கேட்கவில்லை. அழவில்லை. நீங்கள் அழுதாளா என்று கேட்டதால் சொல்கிறேன், அழவில்லை. அன்று முதல் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். நான் ஒரு வார்த்தை திட்டாமல் விரிப்பை மாற்றினேன். ஒவ்வொரு நாளும் மாற்றினேன். பெற்றவளுக்கு அந்தப் பொறுமை இருந்திருக்குமா, சொல்லுங்கள்.

கப்பல் பக்கத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைக்கு அம்மா வேண்டாம் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டால், இன்னும் ஒரு வருஷம் கப்பலிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். சிட்டுவின் பழைய வீடியோ ஒன்று என்னிடம் இருந்தது. பூங்காவுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வரட்டுமா என்று நான் கேட்க, "வேண்டாம், அத்தை போதும்" என்பாள். நான் என் கேள்வியை மட்டும் புதிதாகப் பதிவு செய்தேன். "அம்மா வரட்டுமா?" பிள்ளை, "வேண்டாம், அத்தை போதும்." இதைப் புதிதாக எடுத்த வீடியோவின் நடுவில் செருகி அனுப்பினேன்.

இங்கேதான் கற்றுக்குட்டித்தனம். குரலைக் கவனித்தேன், வெளிச்சத்தைக் கவனித்தேன், சட்டை நிறத்தைக்கூடச் சரி செய்தேன். வாயைக் கவனிக்கவில்லை. சிட்டுவுக்கு ஒரு மாதம் முன்னால் மேல் முன்பல் விழுந்திருந்தது. புதிய வீடியோவில் பல் இல்லை. நடுவில் நாலு நொடிக்குப் பல் இருந்தது. அப்புறம் மறுபடியும் இல்லை. பதினேழு வருஷம் ஒரு பிசிறு விடாமல் பார்த்த கண் இது. அவள் பாலைப் பொங்கவிடுகிறவள், அவள் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். அந்த அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடியோவையும் நூறு தடவை பார்ப்பாளாம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த துறைமுகத்திலேயே வேலையை விட்டு இறங்கிவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து நின்றாள். சிட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், பென்சிலை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

பெற்றவள் தரையில் மண்டியிட்டாள். "சிட்டு, அம்மாடா. வெளிய வாடா."

"நீங்க அம்மா இல்ல."

"என்னடா சொல்ற, தங்கம்?"

"நீங்கதானே சொன்னீங்க."

அதுவரை அம்மாவை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். நீங்க என்று சொல்லச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தரையில் அப்படியே உட்கார்ந்து, "ஏன் அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சாவி எங்கே, பால் வந்ததா, பிள்ளை தூங்கினாளா என்பதெல்லாம் கேள்வியில்லை. அவ்வளவு தாமதமாகக் கேட்பவளுக்கு என்ன பதில்?

தம்பி வந்து லேப்டாப்பைத் திறந்தான். எல்லாம் தேதி போட்டு அடுக்கித்தான் வைத்திருந்தேன். அலைகளுக்குத் தனி, முகத்துக்குத் தனி, சொற்களுக்குத் தனி. வரிசையாகப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது" என்றான். எங்கள் அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவனுக்குச் சமைத்துப் போட்டவள் நான். அதற்கு யாரும் வீடியோ எடுத்து வைக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மனைவியின் போனில் வெட்டாத வீடியோக்கள் அறுபத்தொன்றும் இருக்கின்றன. போர்வை, பூதம், முத்தம், மூன்று விரல், எல்லாம். நீங்கள் சிட்டுவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். அவள் நம்பவில்லை. அம்மா பேசும்போதெல்லாம் இரண்டு விரலை நீட்டிக் கத்தரி மாதிரி வெட்டி வெட்டிக் காட்டுகிறாள், நேரில் பேசினாலும் அதையே செய்கிறாள், இது என்ன என்று சொல்லுங்கள் என்றீர்கள்.

பல்லைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன் என்பது அனுப்பிய மறுநாள் எனக்கே தெரிந்துவிட்டது. அது கண்ணில் பட்டால் அவள் வந்து நிற்பாள் என்றும் தெரிந்தது. கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டு அவள் வந்துசேரக் குறைந்தது பத்து நாள் ஆகும். சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு எடிட்டிங் சொல்லிக்கொடுத்தேன். அவள் அப்பா பேசிய வீடியோ ஒன்றை எடுத்து, இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு, அவனை, "நான் பூனை சாப்பிட்டேன்" என்று சொல்ல வைத்தோம். விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். "பாத்தியா, யாரையும் எதையும் சொல்ல வைக்கலாம்," என்றேன். "நாளைக்கு யாராவது வந்து, உங்க அம்மா உன்மேல ஆசையாப் பேசுற மாதிரி படம் காட்டினா, இப்படித்தான் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுக்கோ." விரலால் கத்தரி போட்டுக் காட்டியது நான்தான். ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்ளும் பிள்ளை. பத்து நாளும் செய்தோம்.

எனவே மிச்சமிருக்கும் வீடியோக்களைக் காட்டி அவளை அலைக்கழிக்காதீர்கள். அது எடுபடாது. என்ன தண்டனை கொடுக்கலாம் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் கீழே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பிள்ளையிடம் என் வாயால் ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை. அவள் கேட்டது அத்தனையும் பெற்றவளின் சொந்தக் குரல்.