டயட்டுக்கு ஒரு நாள் லீவு

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். உக்குவளை பஸ்ஸில் முன் சீட்டில் அக்கா தங்கச்சி இருவர். அக்காதான் ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமைக்குள்ள நிறை குறையாட்டி முழங்கால் ஒப்பரேஷன் இல்லன்னு டொக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

"நாளைக்குக் கல்யாணம் ராத்தா. டயட்டுக்கு ஒரு நாள் லீவு."

"போன வாரமும் லீவுதானே?"

"அது வீட்டுச் சோறு. இது ஆறு பேர் சுத்தி ஒக்காந்து ஒரே தட்டுல திங்கிற சஹன். நான் எவ்வளவு திண்டேன்னு யாருக்குத் தெரியும்?"

"தராசுக்குத் தெரியும்."

தங்கச்சி முழங்காலைத் தடவினாள். அக்கா இளகிவிட்டார்.

"சரி, பக்கத்துல நான் ஒக்காருறேன். ஒன் பங்கு சோத்த என் பக்கம் தள்ளு."

"ஒங்களுக்குச் சீனி வருத்தமே!"

"எனக்குக் கிளினிக் புதன்கிழமைதான். அதுக்குள்ள எறங்கிடும்."

சஹன் என்றால் அழைப்பில்லாமலே போய் உட்காரும் நண்பனிடம் இதைச் சொன்னேன்.

"மடையா, கல்யாணம் எந்த ஹோல்லன்னு கேட்டியா?"