மேயர் அறையில் கால் மணி நேரம்

மிகாமி: ...மேயர் ஐயா கையை விடாதே வகானா, கேமராவப் பாரு. ஜப்பான் திரும்பி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் சரியா குனிஞ்சு வணங்க வரல உனக்கு. ஆங், போதும். ஐயா, போட்டோ ஆச்சு, நிருபரும் கிளம்பிட்டார். தாள்ல இருக்கிற ரெண்டு கேள்வியும் கேட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது.

மேயர்: கேள்வியும் நீயே எழுதி, பதிலும் நீயே எழுதியிருக்கியே மிகாமி. நாங்க ரெண்டு பேரும் எதுக்கு?

மிகாமி: நகராட்சி வழக்கமுங்க ஐயா.

மேயர்: சரி சரி. கனடாவுல ஒரு வருஷம் படிச்சிட்டு வந்திருக்கே. என்னம்மா கத்துக்கிட்டே?

வகானா: பரந்த உலகத்தைப் பார்த்தேன், மேயர் ஐயா. நம்ம ஊரோட அருமையும் புரிஞ்சுது.

மிகாமி: அப்படியே மனப்பாடம். நல்ல பொண்ணு.

மேயர்: நீ தங்கின வீட்டுலேருந்து... ஏரி தெரியுமா?

மிகாமி: அது தாள்ல இல்லையே...

வகானா: தெரியுங்க. வீட்டுக்காரம்மா ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

மேயர்: அந்தக் குளிர்ல... இருமல் கிருமல் வருமா அவங்களுக்கு?

வகானா: டிசம்பர்ல ஒரு வாரம்...

மேயர்: ஒரு வாரமா? டாக்டர்கிட்ட போனாங்களா இல்லையா?

மிகாமி: ஐயா, ரெண்டாவது கேள்வி சாப்பாடு.

மேயர்: கேக்குறேன்ப்பா. சாப்பாடு எப்படிம்மா?

வகானா: முள்ளங்கி ஊறுகாய்தான் பிடிச்சுது. அதை ஊற வைக்க அங்க அரிசித் தவிடு கிடைக்காது. வீட்டுக்காரம்மா ரொட்டியப் பிச்சுப் போட்டு ஊற வைப்பாங்க.

மேயர்: ரொட்டியிலயா? இதை மட்டும் அவ அம்மா இருந்து பார்த்திருந்தா...

மிகாமி: யாரோட அம்மாங்க ஐயா?

மேயர்: மிகாமி, டீ ஆறிப் போச்சு. வேற கொண்டா. நீயே போ.

மிகாமி: நானா? அடுத்த கூட்டம்... சரிங்க ஐயா.

மேயர்: ...வாய் தவறிடுச்சு.

வகானா: அவர் போயிட்டார். சொல்லுங்க.

மேயர்: அந்த வீட்டுக்காரம்மா என் பொண்ணு, ஷியோரி. வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கிறேன்னா. இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். ஒன்பது வருஷம் ஓடிப் போச்சு. அவளும் என் மாதிரிதான், சொன்னா சொன்னதுதான்... ஒரு போன் கிடையாது.

வகானா: நீங்க பண்ணலாமே?

மேயர்: எத்தனை தடவை போனை எடுத்துக் கீழே வச்சிருப்பேன். முதல்ல என்ன பேசுறதுன்னு தெரியல. மேயர் ஆனதும், பிள்ளைங்களை எங்க படிக்க அனுப்பலாம்னு எட்டு ஊர் பேரை நீட்டினாங்க. அவ ஊரைக் கை காட்டினேன்.

வகானா: அதுக்காகவா?

மேயர்: அதுக்காகத்தான். வருஷத்துக்கு ஒரு பிள்ளை திரும்பி வந்து இந்த நாற்காலியில உட்காரும். பனி, பள்ளிக்கூடம்னு சொல்லும். அதுக்கு நடுவுல அவ எப்படி இருக்கான்னு பொறுக்கிக்குவேன். இந்தக் கால் மணி நேரத்துக்காக வருஷம் பூரா ஏங்கிக் கிடக்குறேம்மா.

வகானா: தங்குற வீட்டையும் நீங்கதான் சொல்வீங்களா?

மேயர்: இல்ல, வீட்டை முடிவு பண்றது அந்தப் பள்ளிக்கூடம். நாலு வருஷமா நாலு பேரும் அவ வீட்டுலயே தங்கினது என் அதிர்ஷ்டம்... நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதே.

வகானா: அவங்களும் இதையேதான் சொல்லி அனுப்பினாங்க. அதிர்ஷ்டமெல்லாம் இல்லைங்க. 'என் ஊர்ப் பிள்ளையை என்கிட்டதான் விடணும்'னு வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல போய் நிக்கிறது அவங்கதான். நான் போன அன்னிக்கு, பெட்டியக்கூட இறக்கல... 'அப்பா இளைச்சுட்டாரா'ன்னு கேட்டாங்க.