வலிக்கிறதா என்று கேட்காதவன்

பாத்திரம் கழுவும்போது மட்டும்தான் எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்கும், டாக்டர். அந்த வியாழக்கிழமை காலை, கழுவிய தட்டுகளையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டிலில் என் மனைவி சோலெதாத் முனகிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷ முதுகுவலி அவளுக்கு. ஸ்கேனில் எதுவும் தெரியாது. வலித்தால் பயம், பயந்தால் அழுகை, அழுதால் வலி இன்னும் கூடும். இலொய்லோ நகரில் நான் ஜீப்னி வண்டி ஓட்டும் தடத்தில் பயணிகள்கூட, "இன்னிக்கு வீட்டம்மாவுக்கு எங்க வலி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

பிறகு உங்கள் சிகிச்சைக்கு வந்தோம். பயத்தைப் பயம் என்று பெயர் சொல்லி, மூச்சை எண்ணி, அது தணியும்வரை உட்கார்ந்திருக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். தினமும் இருபது அடி கூடுதலாக நடக்கச் சொன்னீர்கள். எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. "வலிக்கிறதா" என்று அவளிடம் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.

"என்ன தெமியோ, வாயப் பூட்டி சாவிய டாக்டர்கிட்ட குடுத்துட்டியா?" என்பாள்.

"ஆஸ்பத்திரி பீரோல பத்திரமா இருக்கு."

சிரிப்பாள். மூன்றாம் மாதம் தனியாகச் சந்தைக்குப் போய், பேரம் பேசி மீன் வாங்கி வந்தாள்.

நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். "தெமியோ மாதிரி இருக்கப் பாருங்க" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜீப்னிக்காரனுக்கு யாரும் கைதட்டுவதில்லை, டாக்டர். வெள்ளிக்கிழமை நிறைவுக் கூட்டத்தில் நானே பேச வேண்டும் என்றீர்கள். சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தேன்.

புதன் மாலை அவள் வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இது அது இல்ல தெமியோ. இது வேற. டாக்டருக்கு போன் போடு."

உடம்பு சுட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். புதிதாக ஒரு வலி, காய்ச்சலோடு வந்தால் உடனே அழைத்து வா என்று முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். மறந்துவிட்டேன் என்று போலீஸிடம் சொன்னது பொய். நன்றாக நினைவிருந்தது. கைதட்டியவர்கள் முன்னால் போய், மறுபடி வலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வியாழன் காலை, நான் தட்டுகளோடு நின்றபோது, உங்கள் நர்ஸ் வாராவாரம் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். முற்றத்துக்குப் போய்ப் பேசினேன்.

"புதுசா ஏதும் உண்டா அண்ணே? காய்ச்சல் கீய்ச்சல்?"

"ஒண்ணுமில்லம்மா. நேத்துகூட சந்தைக்கு நடந்தே போனா."

உள்ளே வந்தேன். யார் என்று கேட்டாள்.

"டாக்டர்தான். இதுவும் அதே வலிதானாம், இடம் மாறி வருதாம். மூச்ச எண்ணச் சொன்னாங்க."

என் வார்த்தை என்றால் நம்பியிருக்க மாட்டாள். உங்கள் வார்த்தை என்பதால் நம்பினாள். கண்ணை மூடி எண்ணத் தொடங்கினாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. "சோலெதாத் எங்க?" என்று கேட்டீர்கள். "ஞானஸ்நான விருந்து ஒண்ணுக்கு சமைக்கப் போயிருக்கா" என்றேன். சந்தோஷத்தில் உங்கள் கண் கலங்கியது.

வீடு திரும்பியபோது முனகல் நின்றிருந்தது. "வலி போயிடுச்சு தெமியோ. மத்தியானம் சட்டுனு விட்டுடுச்சு. டாக்டர் சொன்னது சரிதான்" என்றாள். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படி விடும் என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் பிறகு விளக்கினார். சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. ஞாயிறு காலை என் ஜீப்னியிலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். வழியிலேயே போய்விட்டாள்.

இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷத்தில் வலியே இல்லாமல் அவள் இருந்த ஒரே மாலை அந்த வெள்ளிக்கிழமைதான். அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளுக்குக் கொடுத்தோம்.