இடது கை மட்டும்

உங்கள் அடுப்பில் போடுவது ஈரக் கரி, ஐயா. அதனால்தான் அறை இப்படிப் புகைகிறது. ஜன்னலைத் திறக்க வேண்டாம், குளிர் வந்துவிடும். புகை எனக்குப் பழக்கம்தான்.

நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் பிடித்து வரவில்லை, அடிக்கவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெர்மெத்தைக் கணவாயில் அடித்துப் போட்டது வழிப்பறிக்காரர்கள் என்று உங்கள் அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. அது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் பெயர் எசென்பெக். பெர்மெத் நடத்தும் வாரப் பத்திரிகையில் வண்டி ஓட்டுகிறேன், படமும் எடுக்கிறேன். அதற்கு முன் சுரங்கத்தில் கரி வெட்டினேன். சுரங்கக் கூரை சரிந்து முழங்கால் போனபோது முதலாளி ஒரு மூட்டை மாவு அனுப்பினார். பெர்மெத்தான் வீடு தேடி வந்து வண்டி ஓட்டக் கூப்பிட்டாள். "முழுக்காலா இல்லாட்டி என்ன அண்ணே, நம்ம வண்டியும் முழு வண்டியா என்ன?" என்றாள். அவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? யோசித்துப் பாருங்கள்.

உளுத்த மரத்தை முட்டுக் கொடுத்துச் சுரங்கக் கூரையை நிறுத்துகிறார்கள் என்று எழுதியவள் அவள். செத்தவர்கள் பெயரை முதல் பக்கத்தில் போட்டவள். அச்சகத்தை மிரட்டி நிறுத்தினார்கள். அவள் வேறு ஊரில் அச்சடித்தாள். நான் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் போராடுகிறவர்களுக்குத் தலைநகரில் வருடா வருடம் விருது கொடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் வந்து உட்காருவார்கள். விருது வாங்கியவர் மேல் கை வைக்க எந்த முதலாளியும் கொஞ்சம் யோசிப்பான். அந்தப் பணத்தில் சொந்தமாக ஓர் அச்சு இயந்திரமும் வாங்கலாம். பெர்மெத்தின் பெயரை ஒவ்வொரு வருடமும் அனுப்புவோம். ஒவ்வொரு வருடமும் ஒன்றும் நடக்காது.

போன இலையுதிர் காலத்தில் தேர்வுக்குழுவைச் சேர்ந்த அல்மாஸ் எங்கள் ஊருக்கு வந்தார். ஆடு அறுத்து, பெரிய விருந்தாளிக்கு வைப்பதுபோல் வெந்த தலையை அவர் முன் வைத்தோம். அவர் ஆட்டின் காதை அறுத்துப் பெர்மெத்திடம் நீட்டினார், வீட்டுச் சின்னவர்களுக்குக் கொடுப்பதைப் போல.

"நல்லாத்தான் எழுதுறே, தங்கச்சி. ஆனா உன்னை யாரும் ஒண்ணும் பண்ணலியே. போன தடவை வாங்கினவரு ஜெயில்ல கிடக்காரு. அதுக்கு முன்னாடி வாங்கினவருக்கு ஒரு கண்ணே போச்சு. அவங்க நடுவுல உன் பேரை நான் எப்படித் தூக்கிப் பிடிக்கிறது, நீயே சொல்லு."

பெர்மெத் காதை மென்றபடி சிரித்தாள். "அப்போ எலும்பு முறிஞ்சாத்தான் எழுத்து தேறுமா, அண்ணே? அடுத்த தடவை எக்ஸ்ரேயும் சேர்த்து அனுப்பட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். விருந்து முடிந்து திரும்பும்போது வண்டியில் அவள் சிரிக்கவில்லை.

"முடியல அண்ணே. பனி கரைஞ்சதும் பத்திரிகையை மூடிட்டு மாஸ்கோ போறேன். அக்கா அங்க ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறா. நானும் கழுவுறேன். கை வலிச்சாலும் தலை வலிக்காது."

அவள் போய்விட்டால் கீழே சாகிறவன் பெயரை யார் எழுதுவது? என் தம்பி இன்னும் அதே சுரங்கத்தில்தான் இறங்குகிறான். நான் யோசித்தது அவ்வளவுதான்.

துர்சுன் இன்று முதலாளியின் அடியாள். ஒரு காலத்தில் என்னோடு ஒரே குழியில் கரி வெட்டியவன். அவனிடம் போனேன்.

"இடது கை மட்டும்," என்றேன். "அவ வலது கையால எழுதுறவ."

துர்சுன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "விருந்துல யாருக்கு எந்த எலும்புன்னு பிரிச்சு வெக்கிற மாதிரியில்ல சொல்றே. முதலாளி முதுகெலும்பையே கேட்டாரு. ஊர்க்காரப் பொண்ணாச்சேன்னு நாங்கதான் இழுத்தடிச்சிட்டிருக்கோம்."

"கை மட்டும், துர்சுன்."

"சரிடா. காது கேக்குது."

எங்கே, எப்போது, எப்படி என்பதையும் நான்தான் சொன்னேன். கணவாயில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற வண்டியை நம்மில் யாரும் கடந்து போவதில்லை. நிற்பவன் எதிரியானாலும் இறங்கி என்னவென்று கேட்போம். பெர்மெத் நிறுத்துவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள்.

கணவாய் தாண்டி அச்சகத்துக்குப் போக வேண்டிய அன்று, பல்வலி என்று சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். நானும் போயிருந்தால் என்னையும் அடிக்க வேண்டியிருக்கும், விருதுக்கு அதனால் பயனில்லை. ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பனியில் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டிவரும் என்று தெரியுமே. அந்த அக்கறை எனக்கு இருந்தது.

"பல்லுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரேன் அண்ணே," என்று வண்டியை எடுத்தாள்.

துர்சுன் அனுப்பியவர்கள் குடித்திருந்தார்கள். கையோடு நிறுத்தவில்லை. கைப்பையையும் கடிகாரத்தையும் வேறு எடுத்துக்கொண்டார்கள். அது பேச்சில் இல்லாத விஷயம். பனிச் சாலையில் வழுக்காதபடி மணல் தூவுகிற லாரி மதியம் அந்த வழியாக வரும் என்று நினைத்திருந்தேன். அன்று வரவில்லை. பொழுது சாயும்போது ஓர் ஆட்டுக்காரர்தான் அவளைப் பார்த்தார். இப்போது பேச்சு இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வலது கை மட்டும் மெதுவாக அசைகிறது.

விருது கிடைத்தது. அல்மாஸ் போனில் அழுதுகொண்டே சொன்னார். வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்று இந்தக் காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் காதருகே குனிந்து "சுயுஞ்சு, பெர்மெத், சுயுஞ்சு" என்றேன். நல்ல செய்தி கொண்டுவந்து சுயுஞ்சு என்று பரிசு கேட்கிறவனை வெறுங்கையோடு அனுப்ப நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. செய்தியைச் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகுதான் உங்கள் முடிவு வெளியே வந்தது. வழிப்பறி என்று. அல்மாஸ் மறுபடி கூப்பிட்டார். "திருடன் அடிச்சதுக்கு இந்த விருது இல்லையே, எசென்பெக். எழுதினதுக்காக அடிச்சாங்கன்னு தெரிஞ்ச யாராவது சொல்லணும். அதுவரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கோம்."

தெரிந்தவன் என்னைத் தவிர யார்? துர்சுன் வாய் திறக்க மாட்டான். கொண்டுபோய்க் கொடுத்த நல்ல செய்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர என்னால் முடியாது. ஆகவே எழுதுங்கள். முதலாளி கேட்டது அவள் எழுத்துக்காக. நான் கேட்டதும் அவள் எழுத்துக்காகத்தான். திருட்டு தற்செயல். இடம் சொன்னது, நாள் சொன்னது, வண்டியில் அவளைத் தனியாக அனுப்பியது எல்லாம் நான். முத்திரை வைத்து ஒரு நகலை அல்மாஸுக்கு அனுப்பிவிடுங்கள். விழாவுக்கு முன் போய்ச் சேர வேண்டும். எனக்கு அசதியாக இருக்கிறது. மற்றதை நாளைக்குக் கேளுங்கள்.

அவளுக்கு இது தெரியுமா என்று கேட்கிறீர்கள். நான் சொல்லவில்லை. தெரிந்தாலும் புரிந்துகொள்வாள். அன்றைக்கே சுயுஞ்சு கொடுத்துவிட்டாளே. கட்டிலை ஒட்டிய பெட்டிமேல், அன்று நான் அவளிடம் கொடுத்த வண்டிச் சாவி இருந்தது, கோட்டுப் பையில் கிடைத்ததாம். கையை மெல்ல நீட்டி அதை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் போகும் போதெல்லாம் அப்படியேதான் கிடக்கிறாள், களைப்பு.

கோபம் இருந்தால் சாவியைக் கொடுத்திருப்பாளா, ஐயா?