கடைசி வாய் விழுங்கும்வரை

தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோரே, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளே!

நம் சூளகிரி மையத்தின் இயன்முறை மருத்துவர், மூளை முடக்குவாதம் கண்ட பிள்ளைகளின் கை காலோடு வயிற்றையும் பார்த்தவர், எஸ்லின் அம்மையார் இன்று நம்மிடையே இல்லை. அவரோடு சேர்ந்து இந்த மையத்தை நடத்தியவன் நான், அருள்ஜோசப். எனக்கு அலங்காரமாகப் பேச வராது. அலங்காரப் பேச்சு அவருக்கும் ஆகாது.

நாமெல்லாம் எதற்காக அவரைத் தேடி வந்தோம்? பிள்ளை நடக்க வேண்டும் என்றுதானே! பேரிகை மாரம்மாவும் அதற்காகத்தான் தன் நான்கு வயது மகள் கவிப்ரியாவைத் தூக்கிவந்தார். இரண்டு வயதுகூட மதிக்க முடியாத உடம்பு. அம்மையார் பிள்ளையின் காலைத் தொடவில்லை. எப்படிச் சாப்பாடு ஊட்டுகிறாய் என்று கேட்டார். கம்பெனி பஸ் வருவதற்குள் ஊட்டி முடிக்க வேண்டுமே! மடியில் மல்லாக்கப் போட்டு, ராகிக் கூழைத் தண்ணீராகக் கரைத்து வாயில் ஊற்றுவதாகச் சொன்னார் மாரம்மா. இருமினால் இன்னும் தண்ணீர் விடுவாராம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதையே செய்தோம்! மெல்ல முடியாத பிள்ளைக்கு இதுதான் இதம் என்று நினைத்தோம். அது நெஞ்சுக்குள் இறங்கிச் சளி கட்டியது, வயிற்றுக்கும் போதவில்லை.

“மொதல்ல உக்காந்து சாப்புடட்டும்மா. தெம்பு வந்தாதான காலு சொன்னபடி கேக்கும்” என்றார் அம்மையார்.

மாரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நடக்க வெப்பீங்கன்னு வந்தா, கூழு ஊத்தறதுல குத்தம் கண்டுபுடிக்கிறீங்களா?” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

விட்டாரா எஸ்லின் அம்மையார்? அந்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பேரிகை பஸ் ஏறினார், கம்பெனிகள் கழித்துப் போடும் பெட்டிப் பலகையில் செய்த ஒரு சின்ன நாற்காலியோடு! கால் தொங்காமலிருக்க அதில் ஒரு பலகை. கழுத்து சாயாமலிருக்க ஒரு துணிச் சுருள். களியைப் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்து, எதிரே உட்கார்ந்து சிறு கரண்டியில் ஊட்டினார். ஒரு வாய் விழுங்கும்வரை அடுத்த வாய் இல்லை. அன்று கவிப்ரியா இருமவில்லை. மாரம்மாதான் அழுதார்.

கவிப்ரியா இன்றும் நடக்கவில்லை. அதை மறைத்துப் புகழ்ந்தால் அம்மையாருக்கே பிடிக்காது. ஆனால் உட்காருகிறாள், கரண்டியைத் தானே பிடிக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். இது சின்ன விஷயமா? பெற்றவர்களைக் கேளுங்கள்!

இங்கே மையத்தில் மதியம் பிள்ளைகள் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அவருடைய சட்டம். திடுக்கிட்டால் புரையேறிவிடும். கேமராவோடு நன்கொடை தர வந்த பெரிய மனிதரையே, “அய்யா, புள்ளைங்க சாப்புடறாங்க, செத்த வெளிய இருங்க” என்று வாசலில் நிறுத்தினாரே! அவர் கோபித்துக்கொண்டு போனார். அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி மதியச் சாப்பாடு நடக்குமா, யார் பொறுமையாக ஊட்டுவார்கள் என்று காலையிலிருந்து என்னைக் கேட்கிறீர்கள். அதே பயத்தில் நானும் தூங்கவில்லை. நேற்று மாரம்மா வந்தார். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டதாகவும், மதியமெல்லாம் இங்கே இருப்பதாகவும் சொன்னார். அம்மையார் உட்கார்ந்து ஊட்டும் முக்காலியில் இதோ அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தாய்க்கும் அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுப்பது இனி என் வேலை. எஸ்லின் அம்மையாரே, உங்கள் பிள்ளைகளின் சாப்பாடு நிற்காது! இது சத்தியம்.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, கிண்ணங்கள் வருகின்றன. மௌன அஞ்சலிக்கு யாரும் எழுந்து நிற்க வேண்டாம், பிள்ளைகள் மிரளுவார்கள். ஒரு நிமிடமும் போதாது. கடைசிப் பிள்ளை கடைசி வாயை விழுங்கும்வரை பேசாமல் இருப்போம்.