துப்பாக்கிக்கு ஒரு வார்

பெரியநாயகி: துணிய பிரிக்காத பாய், துப்பாக்கிதான். தோட்டா இல்ல. இதுக்கு ஒரு தோல் வார் தைக்கணும்.

கௌஸ் பாஷா: குதிரைக்கு சேணம் தைக்கிற கடைம்மா இது...

பெரியநாயகி: குதிரைக்குத் தைக்கிறவன் துப்பாக்கிக்குத் தைக்க மாட்டியா? ஏனாத்தூர்லருந்து நடந்து வந்திருக்கறேன்.

கௌஸ் பாஷா: ஏனாத்தூர்ல எதுக்கு இது? பன்னி விரட்டவா?

பெரியநாயகி: ஜவ்வாது மலைக்கு. மேய்ச்சலுக்கு ஓட்டி விட்ட எங்க மாடு பன்னெண்டு அங்க மேயுது. ரெண்டு கன்னுக்குட்டியை சிறுத்தை அடிச்சிடுச்சாம். நாளைக்கு போளூர் வரைக்கும் பஸ்சு, அப்புறம் ஒரு நாள் நடை.

கௌஸ் பாஷா: யாரு போறது?

பெரியநாயகி: எங்க... வீட்டுக்காரரு.

கௌஸ் பாஷா: ஓஹோ. ஒத்தத் தோள்ல தொங்க விட்டா அவருக்கு எடுக்க சுளுவு.

பெரியநாயகி: பாறையில குனிஞ்சு ஏறினா நழுவி முன்னால வந்து வுழும்.

கௌஸ் பாஷா: அப்ப கையிலயே புடிச்சிக்கினு போவட்டும்.

பெரியநாயகி: வேரைப் புடிச்சி ஏற ரெண்டு கையும் வேணாமா?

கௌஸ் பாஷா: கழட்டி மூட்டையில கட்டிட்டா?

பெரியநாயகி: நல்லாருக்குது! நான் மூட்டைய அவுக்கற வரைக்கும் சிறுத்தை நின்னுக்கினு இருக்குமா?

கௌஸ் பாஷா: நீயா அவுக்கப்போற?

பெரியநாயகி: ...அவரு. அவரு அவுக்கற வரைக்கும்.

கௌஸ் பாஷா: சரி, சரி. அப்புறம் எப்டித்தான்?

பெரியநாயகி: முதுகுல குறுக்கால. குழல் வானத்தைப் பாக்கணும். தோட்டா தனியா இடுப்புல இருக்கும். தேவைப்பட்டாத்தான் போடறது.

கௌஸ் பாஷா: அப்ப ஆளு அளவு வேணுமே. அவரைக் கூட்டிக்கினு வா.

பெரியநாயகி: என்னை வெச்சே அளந்துக்கோ. ரெண்டு பேரும் ஒரே உசரந்தான்.

கௌஸ் பாஷா: தோள் அகலம் கூடவா?

பெரியநாயகி: பாய்!

கௌஸ் பாஷா: கோவிச்சிக்காதம்மா... மாடு முட்டி அவருக்கு வலது கை விளங்கலன்னு கேள்விப்பட்டேனே...

பெரியநாயகி: யாரு சொன்னது?

கௌஸ் பாஷா: பேசிக்கிறாங்க.

பெரியநாயகி: பேசட்டும். ஆமா, வாரு எனக்குத்தான்! மூணு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, எம் பேர்ல லைசென்ஸ் வாங்கியிருக்கறேன். கரும்புக் கொல்லையில நாலு பன்னி சுட்டிருக்கறேன். அவரே பாத்துட்டு, "நீ போ"ன்னாரு. கொழுந்தன் வீராசாமிக்குத்தான் பொறுக்கல. மாட்டையும் துப்பாக்கியையும் எங்கிட்ட குடுத்துடு, பொம்பள மலையேறினா ஊரே சிரிக்கும்ன்றான். சிரிக்கட்டும். நீயும் சிரி.

கௌஸ் பாஷா: நான் எங்கம்மா சிரிச்சேன்? உக்காரு...

பெரியநாயகி: உக்காரல்லாம் நேரமில்ல. தைப்பியா, மாட்டியா? மாட்டேன்னா சொல்லிடு. பிள்ளையார்பாளையத்துல தறிக்காரங்க கழிச்ச பட்டு நூலை வாங்கி, கயிறா முறுக்கிக் கட்டிக்கினு நான் போய்க்கினே இருப்பேன்.

கௌஸ் பாஷா: உன் கொழுந்தன் நேத்தே இங்க வந்தாரும்மா. "எங்க அண்ணி வந்தா தைக்காத, தைச்சா எங்க ஊரு வண்டி ஒண்ணு கூட உன் கடைப்பக்கம் வராது"ன்னாரு. அவரு தெரு திரும்பினதும் எருமைத் தோலை எடுத்துப் போட்டு அறுத்தேன். இந்தா, தைச்சாச்சு... திரும்பி நில்லு, கொக்கி எங்க வரணும்னு பாக்கறேன்.